கபால அடித்தள மெனிஞ்சியோமா: சந்தேகிப்பது முதல் தையல் போடுவது வரை

ஒரு கண் மட்டும் மெல்ல மங்குகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. கண்ணாடியை இரண்டு மூன்று முறை மாற்றியாயிற்று. சிலருக்குப் புரை ஆபரேஷனும் முடிந்திருக்கும், பார்வை மட்டும் தெளிந்திருக்காது. இப்படி வருகிறவரிடம் டார்ச் ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் சோதித்தால், பார்வை நரம்புக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் மெனிஞ்சியோமா என்னும் மூளை உறைக் கட்டியைப் பல மாதங்கள் முன்னதாகப் பிடித்துவிடலாம். நரம்பு வெளுத்துப்போன பிறகு எவ்வளவு அழகாகக் கட்டியை எடுத்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. ஆகவே இந்த வழிகாட்டி ஆபரேஷன் அறையில் தொடங்காமல் புறநோயாளிப் பிரிவில் தொடங்குகிறது. பொது மருத்துவர், கண் மருத்துவர், நரம்பு அறுவைப் பயிற்சியில் இருப்பவர் மூவரையும் மனத்தில் வைத்து எழுதியது.

மெனிஞ்சியோமா மூளைக்குள் முளைப்பதில்லை. மூளையைச் சுற்றியிருக்கும் அரக்னாய்டு சவ்வின் தொப்பிச் செல்களில் பிறந்து, டியூரா என்னும் தடித்த உறையில் வேர்பிடித்து, மூளையை வெளியிலிருந்து தள்ளுகிறது. 1922-ல் ஹார்வி குஷிங் இந்தப் பெயரை வைத்தார். மூளை உச்சியில் வந்தால் அறுவை ஓரளவு எளிது. அடித்தளத்தில் வந்தால் கட்டிக்கும் நமக்கும் நடுவே மூளை இருக்கும். கட்டியைச் சுற்றி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியும் பன்னிரண்டு மூளை நரம்புகளில் சிலவும் இருக்கும். எண்பது சதவீதக் கட்டிகள் முதல் தரம், அதாவது மெதுவாக வளர்பவை. மெதுவாக வளரும் கட்டிக்கு அவசரப்பட்டு ஒரு நரம்பைப் பலி கொடுப்பது நியாயமில்லை. கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

படுக்கையோரச் சோதனை

அறையை இருட்டாக்கி, நோயாளியைத் தூரத்தில் பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணில் மூன்று விநாடி டார்ச் அடியுங்கள். சட்டென்று அடுத்த கண்ணுக்கு மாற்றுங்கள். வெளிச்சம் வந்ததும் கண்மணி சுருங்காமல் விரிந்தால் அந்தப் பக்கப் பார்வை நரம்பில் கோளாறு. அடுத்து, கண் சொட்டு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டுங்கள். ஒரு கண்ணில் ரத்தச் சிவப்பாகவும் மற்றதில் வெளிறிய செங்கல் நிறமாகவும் தெரிகிறது என்றால் அதுவும் நரம்புக் கோளாறுதான். புரையாலும் நிறம் மங்கலாம், ஆனால் டார்ச் சோதனையை அது கெடுக்காது. பிறகு விரல்களை நான்கு மூலைகளிலும் அசைத்துப் பார்வைப் புலம் பாருங்கள், இரு கண்களையும் திறந்து வைத்தல்ல, ஒவ்வொன்றாக.

மோப்பத்தை யாரும் சோதிப்பதில்லை. காப்பித் தூள், சோப்பு போதும். ஒரு மூக்குத்துளையை மூடி மற்றதால் முகரச் சொல்லுங்கள். கற்பூரம், தைலம், அமோனியா வேண்டாம். அவை மூக்கு எரிச்சலாக முப்பிரிவு நரம்பின் வழியாகவே உணரப்படும், மோப்ப நரம்பு செத்திருந்தாலும் நோயாளி "தெரிகிறது" என்பார்.

எந்த இடத்தில் கட்டி என்பதை அறிகுறி பெரும்பாலும் சொல்லிவிடும். மூக்குக்கு மேலே மோப்பப் பள்ளத்தில் இருந்தால் மோப்பம் போகும். பிறகு சுபாவம் மாறும், அக்கறை குறையும், குடும்பம் அதை மன அழுத்தம் அல்லது வயதுக் கோளாறு என்று நினைக்கும். ஒரு கண்ணில் நரம்பு வெளுத்து, மறு கண்ணில் வீங்கி, மோப்பமும் போயிருந்தால் அது 1911-ல் ஃபாஸ்டர் கென்னடி விவரித்த கூட்டு. பிட்யூட்டரிச் சுரப்பிக்கு முன்னால் இருக்கும் சிறு எலும்பு மேட்டில், டியூபர்குலம் செல்லே என்பார்கள், இருந்தால் பார்வைதான் முதல் இழப்பு, பெரும்பாலும் ஒரு கண்ணில் கூடுதலாக. கண்குழிக்குப் பின்னுள்ள ஸ்பினாய்டு சிறகு எலும்பில் இருந்தால் விழி மெல்லப் பிதுங்கும். பிட்யூட்டரியின் இருபக்கமும் உள்ள சிரை அறையான கேவர்னஸ் சைனஸில் இருந்தால் இரட்டைப் பார்வை, இமைத் தொங்கல். காது எலும்பும் மூளைத்தண்டுக்கு முன்னுள்ள கிளைவஸ் எலும்பும் சேரும் பெட்ரோகிளைவல் இடத்தில் இருந்தால் முக மரப்பு, நடைத் தள்ளாட்டம், விழுங்கச் சிரமம். தலையும் கழுத்தும் சேரும் பெருந்துளையில் இருந்தால் ஒரு கை, அதே பக்கக் கால், மறு கால், மறு கை என்று பலவீனம் வட்டமிடும். கழுத்து எலும்புத் தேய்மானம் என்ற பெயரில் இவர்கள் நெடுநாள் காலர் போட்டிருப்பார்கள். கழுத்து ஸ்கேன் எடுக்கும்போது பெருந்துளை வரை படத்தில் வரச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: ஹார்மோன் மருந்து ஏதேனும் உண்டா? சைப்ரோட்டெரோன் என்ற ஹார்மோன் மருந்தை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தவர்களிடம் மெனிஞ்சியோமா கூடுவது உறுதிப்பட்டது. நிறுத்தினால் பல கட்டிகள் வளர்ச்சியை நிறுத்தும், சில சுருங்கவும் செய்யும். மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் கருத்தடை ஊசியை ஓராண்டுக்கு மேல் போட்டுக்கொண்டவர்களிடமும் அபாயம் கூடுவதை 2024-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. நம் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது இதே ஊசிதான். தனிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஆபத்து மிகச் சிறியது, பயமுறுத்தத் தேவையில்லை. மெனிஞ்சியோமா இருக்கிறது என்று தெரிந்த பிறகு மட்டும் அந்த ஊசியை விட்டு வேறு கருத்தடை முறைக்கு மாற்ற வேண்டும்.

ஸ்கேனில் எதைத் தேடுவது

சாதாரண எம்.ஆர்.ஐ. போதாது. கடோலினியம் மருந்து ஏற்றி, கிலோவுக்கு 0.1 மில்லிமோல், மூன்று தளங்களிலும் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றும் முன் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள். மெனிஞ்சியோமா மருந்தை ஒரே சீராக வாங்கிப் பளிச்சென்று தெரியும். அகன்ற அடிப்பகுதியுடன் டியூராவில் ஒட்டி, ஓரத்தில் வால் போல் நீளும். அந்த வாலை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. டியூராவைத் தொடும் புற்றுப் பரவலும் வால் காட்டும்.

எம்.ஆர்.ஐ.யில் நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 படத்தை நிதானமாகப் பாருங்கள், ஆபரேஷன் எத்தனை மணி நேரம் என்பது அதில் எழுதியிருக்கும். கட்டி வெளுப்பாக இருந்தால் மென்மை, உறிஞ்சி எடுக்கலாம். கறுப்பாக இருந்தால் நார்க்கட்டி, துண்டுதுண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். கட்டிக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே வெள்ளைக் கோடாக நீர்ப்படலம் தெரிந்தால் அரக்னாய்டு காப்பாக இருக்கிறது, பிரிக்க முடியும். அந்தக் கோடு மறைந்து, மூளைத்தண்டே டி2-வில் வெளுத்திருந்தால் கட்டி சவ்வைத் தாண்டிவிட்டது. அங்கே கட்டியின் மெல்லிய ஏடு ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதை அன்றைக்கே நோயாளியிடம் சொல்லிவிடுவது நல்லது. நரம்புகளைத் தனித்தனியே காண சிஸ் அல்லது ஃபியஸ்டா என்ற நுண்தள எம்.ஆர்.ஐ. வரிசை உதவும்.

எலும்புக்கு சி.டி. கட்டாயம். எலும்பு தடித்திருக்கிறதா, பார்வை நரம்புக் குழாய்க்குள் கட்டி நுழைந்திருக்கிறதா, பார்வை நரம்பை ஒட்டிய முன் கிளினாய்டு எலும்புக்குள் காற்றறை இருக்கிறதா என மூன்றையும் பாருங்கள். காற்றறையைக் கவனிக்காமல் துளைத்தால் மூன்றாம் நாள் மூக்கில் மூளை நீர் ஒழுகும். அதே சி.டி.யில் ஆஞ்சியோ, அதாவது தமனிப் படம், எடுத்துவிட்டால் கரோட்டிட் கட்டிக்குள் சுற்றப்பட்டிருக்கிறதா, சுற்றிய இடத்தில் குறுகியிருக்கிறதா என்பது தெரியும். சுற்றியிருப்பது மட்டும் என்றால் பிரிக்க வாய்ப்புண்டு. குறுகியிருந்தால் கட்டி தமனிச் சுவரையே பிடித்திருக்கிறது. பெட்ரோகிளைவல் கட்டிக்குச் சிரைப் படமான வெனோகிராமும் வேண்டும். காதுக்குப் பின்னால் ஓடும் பெருஞ்சிரையான சிக்மாய்டு சைனஸ் எந்தப் பக்கம் பெரிது, பொட்டுமூளையின் ரத்தத்தை வடிக்கும் லாபே சிரை எங்கே வந்து கலக்கிறது என்று தெரியாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது.

மெனிஞ்சியோமா போலத் தோன்றும் போலிகள் சில. பிட்யூட்டரி கட்டியில், அந்தச் சுரப்பி உட்காரும் செல்லாக் குழி அகலும். மெனிஞ்சியோமாவில் குழி அளவாக இருந்து, பிட்யூட்டரி அதனடியில் தனியே தெரியும். காது நரம்பின் உறைக் கட்டியான ஷ்வானோமா உள் காதுக் குழாயை அகலமாக்கும். கார்டோமா என்ற எலும்புக் கட்டி டி2-வில் மிக வெளுப்பு, கிளைவஸ் எலும்பை அரிக்கும். ராட்சத அனூரிஸம், அதாவது தமனி வீக்கம், ஒன்றை மெனிஞ்சியோமா என்று கீறித் திறந்தால் மேசையிலேயே நோயாளியை இழக்கலாம். செல்லாவைச் சுற்றிய எந்தக் கட்டிக்கும் ஆஞ்சியோ எடுக்கச் சொல்வது இதனால்தான். நம் ஊரில் இன்னொன்று சேரும்: அடித்தள டியூராவில் தட்டையாகப் படியும் காசநோய், ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புரதம் சார்ந்த அழற்சி. காய்ச்சல், எடைக் குறைவு, நுரையீரலில் நிழல் இருந்தால் கத்திக்கு முன் இவற்றை விலக்குங்கள்.

பார்வைக்கு ஹம்ஃப்ரி கருவியில் பார்வைப் புலப் பரிசோதனையும், விழித்திரை அடுக்குகளை அளக்கும் ஓ.சி.டி. படமும். விழித்திரை நரம்பிழை அடுக்கு மெலியாமல் இருந்தால் ஆபரேஷனுக்குப் பின் பார்வை மீளும் நம்பிக்கை உண்டு. மெலிந்திருந்தால் குடும்பத்திடம் அப்படியே சொல்லுங்கள். ரத்தத்தில் ஹார்மோன்களான காலை 8 மணி கார்ட்டிசால், டி4, புரோலாக்டின் பாருங்கள். பிட்யூட்டரித் தண்டு நசுங்கினாலே புரோலாக்டின் சற்று ஏறும், அதை வைத்துப் புரோலாக்டினோமா (புரோலாக்டின் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி) என்று மாத்திரை கொடுத்து மாதங்களை வீணாக்காதீர்கள். பின்பக்கக் கட்டிக்குக் கேட்புத்திறன் வரைபடமும், குரல்வளையை உள்நோக்கியால் பார்ப்பதும் சேரும்.

வெட்டலாமா, விடலாமா

தற்செயலாகக் கிடைத்த, அறிகுறி இல்லாத சிறு கட்டிக்கு ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு ஆண்டுக்கொன்று என ஐந்து ஆண்டுகள். வளரவில்லை என்றால் தொட வேண்டாம். சுண்ணாம்பு படிந்த கட்டி, டி2-வில் கறுத்த கட்டி, முதியவரின் கட்டி இவை பெரும்பாலும் அசையாமல் கிடக்கும்.

மூன்று செ.மீ.-க்குள், பார்வை நரம்பை விட்டு மூன்று மி.மீ. ஆவது தள்ளியிருக்கும், மூளைத்தண்டை நசுக்காத கட்டிக்குக் கதிர் அறுவை, அதாவது கத்தியில்லாமல் குவித்த கதிர்வீச்சு, நல்ல வழி. கட்டியின் ஓரத்தில் 12 முதல் 14 கிரே (கதிர் அளவின் அலகு). பார்வை நரம்புக்கு ஒரே தவணையில் 8 முதல் 10 கிரே-க்கு மேல் போகக்கூடாது. நரம்பை ஒட்டிய கட்டிக்கு 50.4 முதல் 54 கிரே வரை 28–30 தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கேவர்னஸ் சைனஸுக்குள் மட்டும் இருக்கும் கட்டிக்கு எங்கள் கருத்து உறுதியானது: உள்ளே போகாதீர்கள். கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகள் அங்கே நூலாக ஓடுகின்றன. கதிர் அந்தக் கட்டியைப் பல ஆண்டுகள் அடக்கிவைக்கும். கத்தி போனால் பெரும்பாலும் கண் அசைவு போகும்.

பார்வை குறைகிறது, மூளைத்தண்டு நசுங்குகிறது, கட்டி வளர்வது படத்தில் தெரிகிறது, அல்லது நோய் என்னவென்றே நிச்சயமில்லை என்றால் அறுவை. பார்வை குறைபவரை வாரக்கணக்கில் காக்க வைக்கக்கூடாது.

முந்தைய நாள்

டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி. ஆறு மணிக்கொருமுறை, வயிற்றுக்கு பான்டோப்ரசோல். சர்க்கரை ஏறும், எனவே நாளுக்கு நான்கு முறை பாருங்கள். வலிப்பு வந்தவருக்கு மட்டும் வலிப்பு மருந்தான லெவெடிராசிட்டாம் 500 மி.கி. இரண்டு வேளை. ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் ஒரு வாரம் முன்பே நிறுத்துவது வழக்கம். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரத்தம் நான்கு யூனிட் பொருத்தி வைக்கவும்.

ரத்தக் குழாயை அடைக்கும் எம்பொலைசேஷன் அடித்தளக் கட்டியில் குறைவாகவே பயன்படும். இந்தக் கட்டிகளுக்கு ரத்தம் பெரும்பாலும் உள் கரோட்டிட்டின் சிறு கிளைகளிலிருந்தும் கண் தமனியின் எத்மாய்டு கிளைகளிலிருந்தும் வருகிறது. அவற்றை அடைக்கப் போய்த் துகள் நழுவினால் கண் போகும், இல்லையேல் பக்கவாதம் வரும். நடு மெனிஞ்சியல் தமனி தடித்து ஊட்டுகிற ஸ்பினாய்டு சிறகுக் கட்டியில் மட்டும் யோசிக்கலாம்.

ஒப்புதல் படிவத்தில் "கட்டி அகற்றும் அறுவை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நரம்பு ஆபத்தில் இருக்கிறது, எந்தப் பகுதியை வேண்டுமென்றே விட நேரலாம், விட்டதற்குப் பிறகு என்ன செய்வோம் என்ற மூன்றையும் அவர் மொழியில் சொல்லி எழுதுங்கள்.

மேசையில்

தோல் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி செஃபாசோலின் 2 கிராம், நான்கு மணிக்கொருமுறை மறுபடி. மூளையைச் சுருக்க மேனிட்டால் கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம். தமனிக் குழாய், சிறுநீர்க் குழாய், காலுக்கு அமுக்குப் பட்டை. நரம்புக் கண்காணிப்பு இருந்தால் புரோபோஃபால் வழி மயக்கம், தசை தளர்த்தி சுவாசக் குழாய் போடும்போது மட்டும். தலையை மூன்று ஊசிக் கவ்வியில் பிடித்து, இதயத்தை விட 15–20 டிகிரி உயர்த்துங்கள். முகவாய்க்கும் மார்பெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் கழுத்துச் சிரை மடங்கி, மண்டை திறந்ததும் மூளை பிதுங்கும். "மூளை வீங்கிவிட்டது" என்று மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்.

எந்த இடத்துக் கட்டியானாலும் வரிசை ஒன்றே. முதலில் எலும்பைக் குறைத்து வழி செய்யுங்கள், மூளையை இழுத்தல்ல. மூளை நீர் தேங்கும் சவ்வுப் பையான சிஸ்டர்னைத் திறந்து நீரை வடித்து மூளையைத் தளரவிடுங்கள். பிறகு கட்டியின் வேரில் டியூராவைச் சுட்டு ரத்த வரத்தை அறுங்கள். அதன் பின் உள்ளிருந்து குடையுங்கள். கடைசியாகத்தான் மிஞ்சிய சுவரை மடித்துப் பிரிப்பது. அவசரக்காரர்கள் நாலாவதை முதலில் செய்வார்கள், ரத்தத்தில் பார்வை மறைந்து நரம்பை அறுப்பார்கள். குடைவது நுங்கு தோண்டுவதுபோல: சுவர் மூன்று நான்கு மி.மீ. மிஞ்சும்வரை அல்ட்ராசோனிக் உறிஞ்சியால் உள்ளே எடுத்துக்கொண்டே போனால் சுவர் தானாக உள்ளே சாயும். சாயாத சுவரை இழுக்கக்கூடாது, இன்னும் குடைய வேண்டும் என்று அர்த்தம்.

டியூபர்குலம் கட்டி, கிட்டத்தில்

பார்வை அதிகம் கெட்ட பக்கத்திலிருந்து, பொட்டுப் பக்கமாகத் திறக்கும் டெரியனல் வழி. முன்மூளைக்கும் பொட்டுமூளைக்கும் நடுவேயுள்ள சில்வியன் பிளவைத் திறந்து நீர் வடிந்ததும் முன்மூளை தானாக எழும்பும். பார்வை நரம்பு கட்டியின் மேல் தட்டையாக, நாடாவைப்போல் விரிந்து, ஓரம் மஞ்சளாகத் தெரியும். அதைத் தொடாதீர்கள், உறிஞ்சியை அதன் மேல் ஊன்றாதீர்கள். முதல் வேலை, நரம்பு ஓடும் எலும்புக் குழாயின் கூரையைத் திறப்பது. 2–3 மி.மீ. வைர பர் (துளைக்கும் முனை), குளிர்ந்த சலைன் இடைவிடாமல். துளைக்கும்போது எழும் சூடு மட்டுமே நரம்பைக் கொல்லப் போதுமானது, ஆகவே நாலைந்து விநாடி துளைத்து நிறுத்தி, மறுபடி துளையுங்கள். முட்டை ஓடு அளவுக்கு மெலிந்ததும் நுண் கரண்டியால் உரியுங்கள். பிறகு நரம்பின் மேல் கயிறுபோல் அழுத்தும் ஃபால்சிஃபார்ம் தசைநாரை நரம்பின் போக்கிலேயே வெட்டுங்கள். நரம்பு மூச்சு விட்ட பிறகே கட்டி. இந்த வரிசையை மாற்றி, கட்டியை முதலில் தொட்டால், ஒவ்வொரு அசைவிலும் நரம்பு அந்தக் கூர்விளிம்பில் உராயும்.

இனி வேரைச் சுடுவது: டியூபர்குலம் எலும்பின் மேல் கீழ் அசைவாக, நரம்பை விட்டு விலகி. குடைந்து முடிந்ததும் கட்டியின் பின்சுவரை அரக்னாய்டோடு விட்டுவிட்டுப் பிரியுங்கள். அந்தச் சவ்வுக்குப் பின்னால் பிட்யூட்டரித் தண்டு, மேலே முன் தொடர்புத் தமனி, அதிலிருந்து நூலிழைகள். மிக முக்கியமானவை கரோட்டிட்டின் உள்பக்கத்திலிருந்து புறப்பட்டு நரம்புக்கும், இரு பார்வை நரம்புகளும் சேரும் கயாஸத்துக்கும் அடியில் ஓடும் மேல் ஹைபோஃபைசியல் தமனிகள். முடி பருமன்தான் இருக்கும், கட்டிக்குப் போகும் கிளைபோலவே தோன்றும். கட்டிக்குள் நுழைவதைக் கண்ணால் கண்ட பிறகே சுடுங்கள். ஒட்டிக்கொண்டு தாண்டிப் போவதை விடுங்கள். நரம்பைத் தொடாமலே பார்வை போவது இவற்றைச் சுட்டதால்தான். அவை சுருங்கினால் தமனியை விரிக்கும் பாப்பவெரின் மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்துக் காத்திருங்கள்.

நாம் வந்த பக்கத்து நரம்பின் உள் கீழ்ப்புறம் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது. அங்கே தான் மிச்சம் தங்கும், அங்கே தான் மறுபடி வளரும். 30 டிகிரி எண்டோஸ்கோப்பை நுழைத்துப் பார்த்து எடுங்கள். நரம்புக் குழாய்க்குள் ரத்தம் கசிந்தால், ரத்தத்தை நிறுத்தும் துணியான சர்ஜிசெல்லைத் திணித்துவிட்டு வராதீர்கள். அது ஊறி வீங்கி நரம்பை நசுக்கும். சலைன் ஊற்றிப் பொறுமையாக நின்றால் பெரும்பாலும் தானே நிற்கும்.

கட்டி மூன்று செ.மீ.-க்குள், கரோட்டிட்டைச் சுற்றாமல், நரம்புகளுக்கு வெளியே பரவாமல் நடுவில் இருந்தால் மூக்கு வழி எண்டோஸ்கோப் இன்னும் நல்லது: நரம்புக்கு அடியிலிருந்து வருவதால் நரம்பை அசைக்கவே வேண்டாம், குழாயின் உள்பக்கமும் நேரே தெரியும். இதற்குக் கொடுக்கும் விலை மூளை நீர்க்கசிவு. மூக்கின் நடுச்சுவர் சவ்வை அதன் தமனியோடு எடுத்து மூடும் முறை 2006-ல் வெளியான பிறகு கசிவு வெகுவாகக் குறைந்தது. தொடைத் தசையின் உறையான ஃபேசியா உள்ளே ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு, கொழுப்பு, மேலே இந்தச் சவ்வு. சவ்வு எலும்பை முழுக்கத் தொட வேண்டும், நடுவில் சளிச் சவ்வுத் துண்டு மிஞ்சினால் ஒட்டாது.

மற்ற இடங்கள்

மோப்பப் பள்ளக் கட்டி அளவில் மிகப் பெரிதாக வரும், ஆனால் அறுவை ஒப்பீட்டளவில் இணக்கமானது. 1880-களில் ரோமில் பிரான்செஸ்கோ டுராண்டே ஆப்பிள் அளவு கட்டியை இந்த இடத்திலிருந்துதான் எடுத்தார், அந்தப் பெண் பிழைத்தார். இரண்டு கவனங்கள்: நெற்றி எலும்பின் காற்றறையான முன்சைனஸ் திறந்தால் அதன் சவ்வை முழுக்கச் சுரண்டி, மண்டையோட்டு மேலுறையை மடித்துப் போட்டு மூடுங்கள், அதற்காகவே தோல் கீறும்போது அந்த உறையைக் காப்பாற்றி வையுங்கள். பின்சுவரில் முன்மூளைத் தமனிகள் ஒட்டியிருக்கும், கட்டியைப் பிடித்து இழுப்பவர் அவற்றையும் இழுக்கிறார்.

ஸ்பினாய்டு சிறகின் வெளிப்பகுதி எளிது. கண் பிதுங்கிய நோயாளியிடம் தடித்த எலும்பே கட்டி, அதைத் துளைத்து எடுக்காமல் கண் உள்ளே போகாது. கிளினாய்டை ஒட்டிய கட்டியில் கரோட்டிட்டைக் கவனியுங்கள். தமனிக்கும் கட்டிக்கும் நடுவே அரக்னாய்டு இல்லாத வகையை அல்-மெஃப்தி 1990-ல் பிரித்துக் காட்டினார். அங்கே சுவரில் ஒட்டியதை விட்டுவிடுவதே அறிவு.

பெட்ரோகிளைவல் கட்டி இந்தத் துறையின் கடினமான வேலை. கட்டி முப்பிரிவு நரம்புக்கு உள்பக்கம், மூளைத்தண்டின் முன் ஓடும் பாசிலார் தமனியின் மேல். ரெட்ரோசிக்மாய்டு வழி பெரும்பாலானவர்களுக்குக் கைவந்தது: காதுக்குப் பின்னால் கீறி, காதுக்குப் பின் எலும்புகள் பொருந்தும் புள்ளியான ஆஸ்டீரியானுக்குக் கீழே துளையிட்டு, சைனஸ் விளிம்பு தெரியத் திறந்து, சிறுமூளையைத் தொடும் முன் சிஸ்டர்னா மேக்னாவில் நீரை வடியுங்கள். வடியாமல் இழுத்தால் சிறுமூளை நொய்ந்து கருக்கும். நரம்புகளுக்கு நடுவில் உள்ள சன்னல்கள் வழியே வேலை செய்ய வேண்டும். காதுத் துளைக்கு முன்னால் முளைத்த கட்டி முக நரம்பையும் கேட்பு நரம்பையும் நம் பக்கம் தள்ளியிருக்கும், பின்னால் முளைத்தது எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கும். சிறுமூளைக்கு மேல் கூரைபோல் விரிந்த டியூராவான டென்டோரியத்தைப் பிளக்கும்போது ஓரத்தைத் தூக்கி நான்காம் நரம்பு எங்கே நுழைகிறது என்று பார்த்து, அதற்குப் பின்னால் வெட்டுங்கள். கேட்பு அலைப் பதிவில் ஐந்தாம் அலை 1 மில்லிவிநாடி தாமதித்தாலோ உயரம் பாதியானாலோ கையை எடுங்கள், இழுப்பானைத் தளர்த்துங்கள். முப்பிரிவு நரம்பைத் தொட்டதும் நாடித்துடிப்பு சட்டென இறங்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் ஏறிவிடும், ஏறாவிட்டால் மயக்க மருத்துவர் அட்ரோபின் கொடுப்பார். கட்டி பெரிதாயிருந்தால் பத்து மணி நேரம் ஒரே மூச்சில் நிற்பதை விட இரண்டு அமர்வுகளாகப் பிரிப்பது நல்லது. எட்டாவது மணி நேரத்தின் கை முதல் மணி நேரத்தின் கை அல்ல.

தமனி கிழிந்தால்: குருட்டுத்தனமாகச் சுடாதீர்கள், கிழிசல் பெரிதாகும். பஞ்சுத் துண்டை வைத்து லேசாக அழுத்துங்கள், இரண்டாவது உறிஞ்சி வாங்குங்கள், மயக்க மருத்துவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். ரத்தம் ஏற்றத் தொடங்கிய பிறகு பஞ்சை மெல்ல நகர்த்தி ஓட்டையைக் காணுங்கள். சிறியதென்றால் 8-0 அல்லது 9-0 நூலில் ஒரு தையல், அல்லது சிறு கிளிப். மூக்கு வழியில் நசுக்கிய தசைத் துண்டு சிறந்த அடைப்பு, முடிந்ததும் உடனே ஆஞ்சியோ.

எங்கே நிறுத்துவது? டொனால்ட் சிம்சன் 1957-ல் வகுத்த தரவரிசைப்படி கட்டி, டியூரா, எலும்பு எல்லாம் எடுத்தால் முதல் தரம்; டியூராவைச் சுட்டு மட்டும் விட்டால் இரண்டாம் தரம். அவர் கணக்கில் மீள்வரவு 9 சதவீதமும் 19 சதவீதமும். அடித்தளத்தில் முதல் தரம் அபூர்வம். நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது: அடுத்த துண்டை எடுக்க ஒரு நரம்பையோ மூளைக்குள் துளைத்துச் செல்லும் நுண்தமனியையோ பணயம் வைக்க வேண்டுமென்றால் அந்தத் துண்டு கதிர் மருத்துவருடையது. விட்டதன் அளவையும் இடத்தையும் ஆபரேஷன் குறிப்பில் எழுதுங்கள், அடுத்து படம் பார்ப்பவர் குழம்பக்கூடாது.

முதல் பத்து நாள்

கண் திறந்ததும் பார்வை, முக அசைவு, கை கால் என வரிசையாகப் பாருங்கள், பிறகு மணிக்கொருமுறை. வந்தபோது தெரிந்த பார்வை சில மணி நேரத்தில் மங்கினால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. உடனே சி.டி. எடுத்து, ரத்தக்கட்டு அல்லது இறுகிய அடைப்புப் பொருள் இருந்தால் திரும்ப மேசைக்கு. எதுவும் இல்லையென்றால் ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள்.

சிறுநீர் மணிக்கு 250–300 மி.லி. வீதம் இரண்டு மணி நேரம் போய், சோடியம் 145-ஐத் தாண்டினால் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் பற்றி யோசியுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு இதற்கு எதிராகச் சோடியம் சரியும். வீட்டுக்குப் போன நோயாளி தலைவலி, வாந்தி, சோர்வு என்று திரும்பி வருவது இதனால்தான். வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே ஏழாம் நாள் சோடியம் பரிசோதனை எழுதுங்கள்.

மெனிஞ்சியோமா நோயாளிக்குக் காலில் ரத்தம் உறைவது மற்ற மூளை அறுவையைவிட அதிகம். மறுநாளே நடக்க வையுங்கள். சி.டி. சுத்தமாக இருந்தால் 24–48 மணி நேரத்தில் எனாக்ஸபாரின் 40 மி.கி. தோலடியில்.

குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று தினம் கேளுங்கள். சந்தேகமிருந்தால் சொட்டைப் பிடித்து, அது மூளை நீர்தானா என்று காட்டும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மூக்கு சிந்துதல், முக்கி மலம் கழித்தல் கூடாது, மலமிளக்கி கட்டாயம். பின்பக்கக் கட்டிக்குப் பின் முதல் கவளம் தருவதற்கு முன் விழுங்கும் சோதனை. இருமல் இல்லாமல் அமைதியாக நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்தானது. முகம் கோணி, அதோடு கண்ணின் உணர்ச்சியும் போயிருந்தால் கருவிழி ஒரே வாரத்தில் புண்ணாகும். மணிக்கொருமுறை சொட்டு, இரவில் களிம்பு, தேவையானால் இமையைத் தைத்துவிடத் தயங்க வேண்டாம்.

பரிசோதனை முடிவு வந்த பின்

நுண்ணோக்கியின் பத்து உயர்காட்சிப் புலங்களில் நான்கு முதல் பத்தொன்பது செல் பிளவு, அல்லது மூளைக்குள் ஊடுருவல் இருந்தால் இரண்டாம் தரம். இருபதும் மேலும் என்றால் மூன்றாம் தரம். 2021 வகைப்பாட்டில் டெர்ட் மரபணுவின் புரோமோட்டர் மாற்றமோ சி.டி.கே.என்.2ஏ/பி மரபணுவின் முழு இழப்போ இருந்தாலும் மூன்றாம் தரம்தான். மூன்றாம் தரத்துக்குக் கதிர் கட்டாயம். இரண்டாம் தரத்தில் மிச்சம் இருந்தால் கொடுக்க வேண்டும், முழுதும் எடுத்திருந்தால் கூட்டாகப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

அடிப்படை எம்.ஆர்.ஐ. 48–72 மணி நேரத்துக்குள், தவறினால் மூன்றாம் மாதம். இடையில் எடுத்தால் ஆறிவரும் திசுவும் கட்டியும் ஒன்றாகவே பளிச்சிடும். முதல் தரத்துக்கு ஆண்டுக்கொன்று ஐந்து ஆண்டு, பிறகு இரண்டாண்டுக்கொன்று. இரண்டாம் தரத்துக்கு ஆறு மாதத்துக்கொன்று ஐந்து ஆண்டு, பிறகு ஆண்டுக்கொன்று. மூன்றாம் தரத்துக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கொன்று. படங்களைக் குறுந்தகட்டில் நோயாளியிடமே கொடுத்து வையுங்கள். இரண்டு மி.மீ. வளர்ச்சியைக் காண, அருகருகே வைக்கப் பழைய படம் வேண்டும். எழுத்தறிக்கை அதற்கு உதவாது. ஒவ்வொரு முறையும் போன ஆண்டுப் படத்தோடு மட்டும் ஒப்பிடாமல் முதல் படத்தோடும் ஒப்பிடுங்கள்.